கையசைக்கத் தடை இருந்த ஊர்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பழைய கிழக்கு ஜெர்மனியில், கேரா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் காரில் பை, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். மோட்லாராய்ட் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அங்கே இப்போது ஒருத்தருக்கொருத்தர் கையாட்டிக்கொள்கிறார்களா, பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அன்று மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் இருப்பது நியூரம்பெர்க்கில். பெர்லினுக்குப் போகும் ஏ9 நெடுஞ்சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஹோஃப் நகரம் வரும். அதைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தை மற்ற பவேரியர்கள் 'பவேரிய சைபீரியா' என்பார்கள். அக்டோபரிலேயே காற்று காதைக் கடிக்கிறது. ஹோஃபைத் தாண்டி டோபென் என்ற சிற்றூர், அதையும் தாண்டினால் வளைந்து இறங்கும் ஒரு குறுகலான சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள், மேட்டில் ஸ்ப்ரூஸ் மரக்காடு. சரிவின் அடியில் கற்பலகைக் கூரை போட்ட சில வீடுகள், பெரிய களஞ்சியங்கள், நடுவில் ஒரு குளம். அவ்வளவுதான் மோட்லாராய்ட். ஐம்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். காரை நிறுத்திவிட்டு இறங்கினால் முதலில் கேட்பது மாடு கத்தும் சத்தம்.

பெயரின் கடைசியில் வரும் 'ராய்ட்' என்பதற்குக் காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். வாக்னரின் இசைவிழாவால் உலகத்துக்குத் தெரிந்த பைராய்ட் முதல் இந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் வரை பலவற்றின் பெயரில் இந்த வால் இருக்கிறது. இடைக்காலத்தில் கோடரியோடு வந்து குடியேறியவர்களின் கைவேலை அந்தப் பெயர்களில் அப்படியே நிற்கிறது. வந்தவர்கள் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துத்தான் வீடு கட்டியிருப்பார்கள். இங்கே தண்ணீர் என்றால் டன்பாக்.

டன்பாக்கை ஆறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயல் வரப்பை ஒட்டி ஓடும் வாய்க்கால் அளவுதான். பல இடங்களில் ஒரே தாவலில் தாண்டிவிடலாம், கணுக்கால்தான் நனையும். ஊரின் நடுவே ஓடி, சாலே ஆற்றில் கலந்து, சாலே எல்பேயில் கலந்து, கடைசியில் வட கடலுக்குப் போய்ச் சேருகிறது. ஊரின் வீடுகள் அதன் இரண்டு கரைகளிலும் இருக்கின்றன. ஒரு கரை பவேரியா மாநிலம். எதிர்க்கரை துரிங்கியா மாநிலம்.

இந்தக் கோடு ஹிட்லரின் போருக்குப் பிறகு வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அதைவிடப் பல தலைமுறை பழையது. ஒரு பக்கம் பைராய்டின் பிரபுக்கள் ஆண்ட நிலம், மறுபக்கம் ராய்ஸ் வம்சத்தாரின் நிலம். பைராய்ட் பிரபுக்களின் ஆட்சி முடிந்து, பிரஷ்யாவின் கைக்குப் போய், நெப்போலியனின் படை பிடித்து, 1810இல் அந்த நிலம் பவேரிய அரசுக்கு விலைக்கு வந்தது. அப்போது டன்பாக் ஓரமாக எல்லைக் கற்கள் நட்டார்கள். ஒரு முகத்தில் பவேரிய அரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், மறு முகத்தில் ராய்ஸ் சிற்றரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். அவற்றில் சில இன்னமும் புல்லுக்குள் நிற்கின்றன. நான் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பாசி படிந்து, மழையில் எழுத்து மழுங்கி, நாற்று வரிசையின் ஓரத்தில் நடும் அடையாளக் கல் போலத்தான் இருந்தது.

ராய்ஸ் வம்சத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் ஒரே பெயர்தான், ஹைன்ரிஷ். ஆளும் மூத்த மகனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். அதனால் எண் போட்டு அழைத்தார்கள். ஒரு கிளையில் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். இன்னொரு கிளையில் ஒவ்வொரு நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதுக் கணக்கு. பழைய ஜெர்மனி எவ்வளவு சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்தது, அந்தத் துண்டுகளுக்குள்ளும் எவ்வளவு தனிப் பழக்கங்கள் இருந்தன என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஓர் எல்லைதான் இந்த ஓடையின் மேல் போனது.

அதனால் ஊருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தது இதைத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு மன்னர்கள் போனார்கள், பவேரியா குடியரசானது, 1920இல் சிற்றரசுகள் பல சேர்ந்து துரிங்கியா என்ற மாநிலமானது. ஓடையின் மேல் கோடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் துரிங்கியக் கரையில். சாப்பாடும் பீரும் கிடைக்கும் காஸ்ட்ஹவுஸும் அதே கரையில். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு எல்லோரும் நடந்து போனது பவேரியாவில் இருக்கும் டோபென் தேவாலயத்துக்கு. இரண்டு கரைக்காரர்களும் புராட்டஸ்டண்டுகள், ஒரே பாட்டுப் புத்தகம். வரி கட்டும் அலுவலகம் வேறு, ஆனால் பெண் கொடுத்து எடுப்பது, மாடு வாங்குவது, தீப்பிடித்தால் வாளி தூக்கி ஓடுவது எல்லாம் ஒன்றாகத்தான். 1810இலிருந்து எண்ணினாலே நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு கோடு ஓர் ஊரின் நடுவில் இருந்தது, அது ஊரைப் பிரிக்கவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் இரண்டு தடவை ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டினார்கள், தாண்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

1945 வசந்தத்தில் அமெரிக்கப் படை வந்தது. ஆனால் நேச நாடுகள் முன்பே பேசி முடித்திருந்த பங்கீட்டின்படி துரிங்கியா சோவியத் மண்டலத்துக்குப் போக வேண்டும், பதிலுக்குப் பெர்லினில் மேற்கு நாடுகளுக்கு இடம். ஜூலை தொடக்கத்தில் அமெரிக்கர்கள் துரிங்கியாவை விட்டு விலகினார்கள். பங்கு பிரித்தவர்கள் பழைய மாநில எல்லைகளையே கோடாக எடுத்துக்கொண்டதால், அந்தப் பாசி படிந்த கல்லில் எழுதியிருந்த எல்லை உலகத்தின் இரண்டு வல்லரசுகளுக்கு நடுவிலான எல்லையாக மாறிப்போனது. 1949இல் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு ஜெர்மன் நாடுகள். அப்போதும் கையில் அனுமதிச் சீட்டு இருந்தால் ஓடையைத் தாண்டலாம், எதிர்க்கரையில் இருக்கும் சொந்த வயலுக்குப் போகலாம்.

1952 மே 26 அன்று அது முடிந்தது. கிழக்கு ஜெர்மன் அரசு எல்லை முழுவதற்கும் ஒரே நாளில் ஆணை போட்டது. கோட்டை ஒட்டி 10 மீட்டருக்கு உழுது சமன் செய்த மண், காலடி பட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக. அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடை வட்டாரம். ஓடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மோட்லாராய்டின் கிழக்குப் பாதி முழுவதும் அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த சில வாரங்களில் எல்லையோர ஊர்களிலிருந்து 'நம்பத் தகாதவர்கள்' என்று பட்டியலிட்டவர்களை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சில மணி நேர அவகாசம்தான். மேற்கில் சொந்தக்காரர்கள் அதிகம் என்பது, தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர் என்பது, யாரோ ஒருவர் கோள் சொன்னார் என்பது, இப்படி எதுவும் காரணமாகலாம். அந்த ஓர் அலையில் மட்டும் 8,000 பேருக்கும் மேல் வீட்டை இழந்தார்கள். துரிங்கியாவில் அந்த வேலைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'உங்கெட்ஸீஃபர்'. பயிரையும் வீட்டையும் கெடுக்கும் பூச்சி, எலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெர்மன் மொழியில் இருக்கும் சொல் அது. ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இதை எழுதியிருந்த பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பக்கத்து வீட்டு மனிதனைப் பூச்சி என்று கோப்பில் எழுதிய பிறகு, அவனை லாரியில் ஏற்றுகிறவனுக்குக் கை நடுங்காது போலிருக்கிறது. இந்த ஊரிலும் அந்த லாரிகள் வந்தன.

அதே வருடம் ஓடையோரமாக ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி எழுந்தது. இதைக் கவனிக்க வேண்டும். பெர்லினில் சுவர் எழுந்தது 1961இல். மோட்லாராய்டுக்காரர்கள் அதற்கு ஒன்பது வருடம் முன்பே எதிர்வீட்டைப் பார்க்க முடியாமல் வாழப் பழகியிருந்தார்கள். உலகத்தின் கேமராக்கள் பெர்லினில் இருந்தன, இங்கே யாரும் இல்லை. பலகைக்குப் பிறகு முள்கம்பி. 1966இல் கான்கிரீட் சுவர்: 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரம். இரவெல்லாம் விளக்கு. நாய்கள். காவல் கோபுரம். அமெரிக்க வீரர்கள் இந்த ஊருக்கு 'லிட்டில் பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள்.

சுவரின் ஒரு துண்டை இன்னமும் வைத்திருக்கிறார்கள். வெள்ளை பூசிய, மழையில் கறுத்த சுவர். பெர்லினில் பார்த்த சுவர்த் துண்டுகளைவிட இது என்னை அதிகம் உலுக்கியது. பெர்லின் பெரிய ஊர், அங்கே சுவரைச் சுற்றிக் கட்டடங்கள், கூட்டம், வண்டிகள். இங்கே சுற்றிலும் ஆப்பிள் மரம், விறகுக் குவியல், கோழிக்கூண்டு. ஒரு வீட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து எதிர்வீட்டின் சமையலறை ஜன்னல் தெரியும் தூரம். அந்தத் தூரத்துக்கு நடுவே ராணுவ கான்கிரீட்.

கிழக்குப் பாதியில் வாழ்ந்தவர்களின் அடையாள அட்டையில் தனி முத்திரை இருந்தது. அது இல்லாத யாரும் ஊருக்குள் வர முடியாது. உள்நாட்டில் இருக்கும் மகளோ அண்ணனோ வர வேண்டுமென்றாலும் முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். மேற்குப் பாதியில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. மேற்கிலிருந்து மேட்டில் ஏறி நின்றால் சுவருக்கு மேலே கிழக்குப் பாதி தெரியும். பேருந்து பேருந்தாக மக்கள் வந்து பார்த்தார்கள். 1983இல் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் வந்து பார்த்துவிட்டுப் போனார். பார்க்கப்பட்டவர்கள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். மேற்கிலிருந்து யாராவது கை தூக்கினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கிழக்கில் இருப்பவர் பதிலுக்குக் கை தூக்கக் கூடாது. வணக்கம் சொல்லக் கூடாது. தடை. மேற்கே கூப்பிடுவது கூடப் பிறந்த அக்காவாக இருந்தாலும் கூட.

இரண்டாம் மாடி அம்மா கேட்ட கேள்வி அங்கேதான் எனக்குப் புரிந்தது.

கண்ணிவெடி, முள்கம்பி, கோபுரம் எல்லாவற்றையும் பற்றி அந்த இடத்தில் படிக்கலாம், பார்க்கலாம். அவை உயிரை எடுப்பவை, அவற்றின் கொடுமை உடனே தெரியும். ஆனால் ஒருவர் தன் கையைத் தானே தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கூப்பிட்ட குரல் காதில் விழாதது போல உருளைக்கிழங்கு தோண்டியிருப்பாரே, முப்பது வருடத்துக்கும் மேல்! சுவர் அவர் உடம்புக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளத்தோரம் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

1973 மே மாதத்தில் ஒருவர் ஏணி சாய்த்துச் சுவர் ஏறி மேற்கே குதித்துத் தப்பினார். இந்த ஊரில் கான்கிரீட் சுவரைத் தாண்டித் தப்பியதாகச் சொல்லப்படுவது அந்த ஒருவர்தான். அதே காலகட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் எல்லையோர மக்கள் நாள் விசா வாங்கிக்கொண்டு கிழக்குக்குப் போய்வர வழி பிறந்தது. ஆனால் தடை வட்டாரத்துக்குள் நுழைய முடியாது. ஆக, மேற்கு மோட்லாராய்டுக்காரர் கிழக்கு ஜெர்மனிக்குள் எத்தனையோ தூரம் போகலாம், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் ஊருக்கு மட்டும் போக முடியாது.

இவ்வளவுக்கும் நடுவில் இந்த ஊர் அழியாமல் இருந்ததே பெரிது என்று சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் பல சிற்றூர்களை, கண்காணிக்கத் தொந்தரவு என்று, கிழக்கு அரசு தரைமட்டமாக்கியது. தெற்குத் துரிங்கியாவில் பில்முட்ஹவுசன் என்ற ஊரிலிருந்து கடைசிக் குடும்பத்தை 1978இல் வெளியேற்றிவிட்டு வீடுகளை இடித்தார்கள். இப்போது அங்கே நினைவிடம்தான் இருக்கிறது. மோட்லாராய்டில் குறைந்தது வீடுகள் மிஞ்சின, அந்த வீடுகளில் ஆட்களும் மிஞ்சினார்கள்.

1989ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நவம்பர் 9ஐத்தான் சொல்வார்கள். ஹோஃப் பக்கத்தில் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிராக் நகரத்து மேற்கு ஜெர்மன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிய ரயில்கள், அக்டோபர் 1 அன்று முதலில் வந்து நின்றது ஹோஃப் நிலையத்தில்தான். கைக்குழந்தையோடும் ஒற்றைப் பையோடும் இறங்கியவர்களுக்கு ஊர்மக்கள் தேநீரும் உடுப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பெர்லினில் நவம்பர் 9 இரவு சுவர்மேல் மக்கள் ஏறி ஆடினார்கள். மோட்லாராய்டில் அன்று ஒன்றும் மாறவில்லை. எல்லை திறந்துவிட்டது என்று தெரியும், ஆனால் ஊருக்குள் வாசல் கிடையாது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எல்லைச் சாவடி இருக்கும் இடம் வரை போய், அந்தப் பக்கம் நுழைந்து, சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு மாதம் கழித்து டிசம்பர் 9 அன்றுதான் சுவரில் நடந்து போகும் அளவுக்கு ஒரு வழி திறந்தார்கள். முப்பத்தேழு வருடம் கழித்து எதிர்வீட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பலரும் பிள்ளைகளாகப் பிரிந்தவர்கள், நரைத்த தலையோடு சந்தித்தார்கள்.

அதே டிசம்பர் 9 அன்று, சில கிலோமீட்டர் தள்ளி ஹோஃபில் ஒரு விடுதிக் கூடத்தில் இன்னொரு கூட்டம் நடந்தது. இரண்டு ஜெர்மனிகளிலிருந்தும் சுமார் 400 இயற்கை ஆர்வலர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கை ஃப்ரோபெல். எல்லையோர ஊரில் வளர்ந்தவர், பதின்ம வயதிலேயே எல்லைவேலிப் பக்கம் பறவை பார்த்துக் குறிப்பெடுத்தவர். யாரும் உழாத, மருந்தடிக்காத, கட்டடம் கட்டாத அந்தப் பட்டையில், மற்ற இடங்களில் மறைந்துகொண்டிருந்த சின்னப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. தரையில் கூடு வைத்துவிட்டு, எல்லைக் கம்பங்களின் உச்சியில் உட்கார்ந்து பாடும் பறவைகள். மனிதர்களுக்கு மரணப் பட்டையாக இருந்தது அவற்றுக்குப் புகலிடமாக இருந்திருக்கிறது. அந்தப் பட்டையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டார்கள், 'பசுமைப் பட்டை' என்று பெயரும் வைத்தார்கள். இன்று அது 1,393 கிலோமீட்டர் நீளத்துக்கு, பால்டிக் கடலிலிருந்து செக் எல்லை வரை, 1,200க்கும் மேற்பட்ட அருகிவரும் உயிரினங்களோடு கிடக்கிறது. துரிங்கியா தன் பங்கை 2018இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. இரண்டு கூட்டங்களும் ஒரே நாளில் நடந்தது தற்செயல்தான். ஆனாலும் அன்று ஓர் ஊர் தன் வாசலைத் திறந்தது, அதே நாளில் பக்கத்து ஊரில் சிலர் அந்த மூடிய நிலத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து சுவரை இடித்தது. 1953இல் கிழக்கு ஜெர்மானியத் தொழிலாளர்கள் எழுந்து, சோவியத் டாங்கிகளால் அடக்கப்பட்ட நாளும் ஜூன் 17தான். 700 மீட்டரில் சுமார் 100 மீட்டரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் இத்தனை வருடம் கண்ணில் உறுத்தியதை யார்தான் வைத்துக்கொள்ள நினைப்பார்கள்? ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். அதைச் சுற்றித்தான் இன்றைய ஜெர்மன்-ஜெர்மன் அருங்காட்சியகம் வளர்ந்தது. வேலி, கோபுரம், துளை போட்ட கான்கிரீட் பலகைகளால் ஆன ரோந்துப் பாதை எல்லாம் திறந்தவெளியில் இருக்கின்றன. மூன்று மாநிலங்களின் மாவட்டங்கள் சேர்ந்து இதை நடத்துகின்றன. மூன்றாவது சாக்சனி. ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பவேரியா, துரிங்கியா, சாக்சனி மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது. மூன்றுமே தங்களை 'சுதந்திர நாடு' என்ற பழைய பட்டத்தோடு அழைத்துக்கொள்ளும் மாநிலங்கள் என்பதால், மூன்று சுதந்திர நாடுகளின் கல் என்று அதற்குப் பெயர்.

சரி, இப்போது ஊர் எப்படி இருக்கிறது?

கோடு இன்னமும் இருக்கிறது. ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால் ஆச்சரியப்படுவீர்கள். ஐம்பது பேர்கூட நிறையாத ஊருக்கு இரண்டு மேயர்கள். பவேரியக் கரை டோபென் ஊராட்சியைச் சேர்ந்தது, துரிங்கியக் கரை கெஃபெல் என்ற சிறு நகரத்தைச் சேர்ந்தது. அஞ்சல் குறியீடு 95183 ஒரு பக்கம், 07926 மறுபக்கம். தொலைபேசியின் ஊர்க் குறியீடும் வேறு. கார்களின் எண் பலகையில் இங்கே ஹோஃப் மாவட்டத்தின் எழுத்து, அங்கே சாலே-ஓர்லா மாவட்டத்தின் எழுத்து. பிள்ளைகள் வேறு வேறு மாநிலத்துப் பள்ளிக்குப் போகிறார்கள், கோடை விடுமுறையே ஒரே நாளில் தொடங்காது. அக்டோபர் 31 சீர்திருத்த நாள், துரிங்கியக் கரைக்கு விடுமுறை. அடுத்த நாள் அனைத்துப் புனிதர் நாள், பவேரியக் கரைக்கு விடுமுறை. பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு மாநிலங்களும் தனித்தனியாக விதி போட்டபோது ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். வணக்கத்துக்குப் பவேரியக் கரையில் 'குரூஸ் கோட்' என்பார்கள், எதிர்க்கரையில் 'கூட்டன் டாக்'.

முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது. இவ்வளவு பட்ட பிறகும் ஒரே ஊராட்சியாக ஆக்கியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. ஆனால் மர நடைபாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறு மாதிரி தோன்றியது. இது 1810இன் கோடு. பள்ளிக்கூடமும் காஸ்ட்ஹவுஸும் அந்தப் பக்கமும் தேவாலயம் இந்தப் பக்கமுமாக இருந்த காலத்தின் கோடு. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. இடையில் 37 வருடம் அதன்மேல் வேறொன்றை நட்டார்கள், பிறகு அதைப் பிடுங்கிவிட்டார்கள். அடியில் இருந்த பழைய கோடு மறுபடி தெரிகிறது. இரண்டு மேயர்கள் இருப்பதைப் பற்றி நான் ஏன் வருத்தப்பட வேண்டும்? ஓடையின் மேல் பாலம் இருக்கிறதா, அதில் கேள்வி கேட்காமல் நடக்க முடிகிறதா என்பதுதான் பெரிது.

அருங்காட்சியகம் வந்த பிறகு ஊர் அமைதியாக இல்லைதான். நாங்கள் போன அன்று பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து ஒன்று நின்றிருந்தது, வாகன நிறுத்தத்தில் பெரிய கூட்டம். ஆனால் சாலையின் வளைவில் ஒரு விவசாயி டிராக்டரைத் திருப்ப இடம் கேட்டு ஒலி எழுப்பியபோது கூட்டம் ஒதுங்கி நின்றது. ஊர் இன்னமும் ஊராகவே இருப்பது எனக்குப் பிடித்தது. களஞ்சியத்தில் வைக்கோல், குளத்தில் வாத்து, சாணி வாசனை. அந்த வாசனை இல்லாமல் நினைவிடம் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

குளிர் தாங்காமல் மாலையில் ஹோஃபுக்கு வந்து சாப்பிட்டோம். ஹோஃபின் தெருக்களில் பித்தளைக் கொப்பரையில் கரி அடுப்பின் சூட்டோடு சாசேஜ் விற்பவர் நிற்பார். உள்ளூர்ப் பேச்சில் அவருக்கு 'வெர்ஷ்ட்லமோ' என்று பெயர். ரொட்டியும் கடுகும் வைத்துக் கையில் தருவார், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். என் கணவர் இரண்டு வாங்கினார். நான் பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டேன். இந்த வட்டாரத்தில் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் அதுதான். துருவிப் பிழிந்த பச்சைக் கிழங்கையும் வேகவைத்த கிழங்கையும் பிசைந்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டு வைத்து, கொதிக்காத சூட்டு நீரில் வேகவைத்து எடுப்பார்கள். ஹோஃபுக்குத் தென்கிழக்கே இருக்கும் பில்கிராம்ஸ்ராய்ட் என்ற சிற்றூரில் 1647லேயே வயலில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள், ஜெர்மனியில் அதுதான் முதல் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் கிழங்கையும் உருண்டையையும் எந்தச் சுவரும் பிரிக்கவில்லை. இரண்டு கரையிலும் பாட்டிகள் ஒரே மாதிரிதான் உருட்டியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டாம் மாடி அம்மாவிடம் போய் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். சுவர், கோபுரம் இவற்றையெல்லாம் அவர் வேகமாகத் தள்ளிவிட்டார். ரோந்துப் பாதையின் துளை போட்ட கான்கிரீட் பலகைகளில் கொஞ்சம் நின்றார். அவருடைய சித்தி வீடு எல்லையை ஒட்டிய தடை வட்டாரத்தில் இருந்ததாம், வேறோர் ஊர். சித்தி இறந்தபோது அனுமதிச் சீட்டு கையில் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னார். அவ்வளவு நாள் பழகியும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. மோட்லாராய்ட் பிறந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான், அப்போது போக முடியாது, பிறகு போக மனசு வரவில்லை என்றார்.

அவர் அதிக நேரம் பார்த்தது குளத்தின் படத்தை. அப்புறம் ஓடையின் படம். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்றேன்.

ஏப்ரலில் பனி உருகிய பிறகு மறுபடி போகிறோம். அவரும் வருகிறார். கார் முன்சீட்டில் உட்கார வேண்டும், பின்சீட்டில் தலை சுற்றும் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஓடைக்கரையில் சேறாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன்.